தடுப்பூசி இழப்பீடு: கையெழுத்துக்கு முன்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். ஃப்ளூ தடுப்பூசி போட்ட மறுநாளே இடது தோள் வலி. கையைத் தூக்க முடியவில்லை. இழப்பீடு கேட்டு மனு போட்டேன். அரசுத் தரப்பு இப்போது சமரசத்துக்கு வருகிறது. ஆனால், ‘ஊசியால்தான் பாதிப்பு என்று நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை’ என ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?
- வாசகி, நியூ ஜெர்சி

பதில்: அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1986 சட்டத்தின் கீழ் நடக்கும் தேசியத் தடுப்பூசி பாதிப்பு இழப்பீட்டுத் திட்டத்தில் (VICP) இழப்பீடு பெறுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பணம் சமரசத்தில்தான் கிடைக்கிறது. அந்த வரியும் வழக்கமாக இருப்பதுதான். அதனால் உங்கள் தொகை குறையாது.

கவனம் வேண்டியது வேறு இடத்தில். தடுப்பூசி தொடர்பான கோரிக்கை முழுவதையும் இந்த ஒப்பந்தம் முடித்துவிடும். அடுத்த வருடம் தோளில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும் திரும்பப் போய்க் கேட்க முடியாது. எலும்பு மருத்துவர் ‘இதற்கு மேல் பெரிய முன்னேற்றம் இருக்காது’ என்றோ, இனி என்ன சிகிச்சை வேண்டும் என்றோ எழுதித் தரும்வரை பொறுப்பது நல்லது.

வலிக்கும் மன வேதனைக்கும் உச்சவரம்பு 2,50,000 டாலர். சம்பள இழப்பும், கைக்காசு போட்டுச் செய்த மருத்துவச் செலவும் தனி. காப்பீட்டு நிறுவனம் கட்டிய செலவை உங்களால் கேட்க முடியாது. மெடிகெய்ட் (குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) செலவு செய்திருந்தால், பாக்கித் தொகையைக் குறிப்பிடும் இறுதிக் கடிதத்தை முதலிலேயே வாங்கி, அதை ஒப்பந்தத்தில் தனி இனமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டால் அந்தக் கடன் உங்கள் தலையில் விழும்.

வக்கீல் கட்டணத்தை நீதிமன்றமே தனியாக முடிவு செய்து, தனியாகக் கொடுக்கும். உங்கள் தொகையில் பங்கு கேட்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை.

கையெழுத்தானதும் ஸ்பெஷல் மாஸ்டர் (இந்த வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்ற அதிகாரி) முடிவை வெளியிடுவார். மேல்முறையீடு இல்லை என்று இரு தரப்பும் எழுதிக்கொடுத்தால் 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. முடிவு பொதுவில் வெளியாகும். மருத்துவ விவரங்களை மறைக்க வேண்டுமானால் 14 நாளுக்குள் கேட்க வேண்டும்.

கேள்வி: என் கணவருக்கும் இதே மாதிரித் தோள் வலிதான். இனிமேல்தான் மனு போடப் போகிறோம். எங்கே சிக்கல் வரும்?
- வாசகி, டெக்சாஸ்

பதில்: முதல் மருத்துவக் குறிப்பில். ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருந்தால் வழக்கு பலமாக நிற்கும். ஊசி போட்டு 2 மாதம் கழித்து மருத்துவரிடம் போனவர் ‘கொஞ்ச நாளாக வலி’ என்று சொல்லியிருப்பார். மருத்துவர் ‘2 வாரமாக’ என்று எழுதியிருப்பார். அரசு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். வலி தொடங்கிய அன்றைக்கே வீட்டாருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி, பிசியோதெரபி தொடங்கிய நாளில் நிரப்பிய படிவம், பார்த்தவர்களின் சத்தியப் பிரமாணம் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். எந்தக் கையில் ஊசி போட்டார்கள் என்ற பதிவையும் சரிபாருங்கள். அதில் தவறு சகஜம்.

பாதிப்பு 6 மாதத்துக்கு மேல் நீடித்ததையும் காட்ட வேண்டும். இடையில் சிகிச்சையை நிறுத்தினால் ‘குணமாகிவிட்டது’ என்ற வாதம் வரும். கெடு 3 வருடம். நோயின் பெயர் தெரிந்த நாளிலிருந்து அல்ல, முதல் அறிகுறியிலிருந்து.

கோவிட் தடுப்பூசி என்றால் இந்த வழியே கிடையாது. அது வேறு திட்டம். ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடம்தான் அவகாசம். வக்கீல் செலவும் உங்களுடையது.