தமிழ் இலக்கிய வகுப்பில் இணையக் கருவிகள் உண்மையிலேயே உதவுகின்றனவா? எவற்றைப் பயன்படுத்தலாம்?

உதவுகின்றன. ஆனால் நீங்கள் பட்டியல் கேட்டிருப்பதைப் பார்த்தால் பணிக்குப் புதியவர் என்று தோன்றுகிறது. வகுப்பில் திரை மாட்டியிருப்பார்கள், அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், உங்களுக்கு எங்கே தொடங்குவது என்று புரியவில்லை. நானும் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பதினான்கு ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். முதன்முதலில் திரை கிடைத்த ஆண்டு, குறுந்தொகையின் 25ஆம் பாடலுக்கு முப்பது படக்காட்சிகள் தயாரித்தேன். 'யாரும் இல்லைத் தானே கள்வன்' என்று தொடங்கும் கபிலர் பாட்டு. ஐந்தே அடி. பின்னணியில் மழை, மலை, இசை, கடைசியில் இணையத்தில் ஒரு வினாடி வினா. பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். அடுத்த வாரம், "இந்தப் பாட்டில் தலைவி யாரிடம் பேசுகிறாள்?" என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. வினாடி வினாவில் யார் முதலிடம் என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறு ஆண்டு அதே பாட்டுக்குத் திரையைத் தொடவே இல்லை. கரும்பலகையில் எழுதினேன், மூன்று முறை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன், பிறகு எங்கே புரியவில்லை என்று கேட்டேன். களவில், அதாவது ஊரறியாக் காதலில், தன்னோடு கூடியவன் வாக்குத் தவறினால் நான் என்ன செய்வேன் என்று தலைவி தோழியிடம் கலங்குகிறாள் என்பது வரைக்கும் அவர்களே வந்துவிட்டார்கள். சிக்கியது கடைசி மூன்று அடிகளில். 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.' அவன் என்னோடு கூடிய அன்று, தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நிற்கும் குருகும் இருந்தது என்கிறாள். இவ்வளவு கலக்கத்துக்கு நடுவில் ஒரு பறவை எதற்கு?

அந்த இடத்துக்காகத்தான் இணையத்தைத் திறந்தேன். முதலில் அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் முழுவதையும் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. 'குருகு' என்று தேடினார்கள். பறவை என்றும் வந்தது, வளையல் என்றும் வந்தது. உடனே ஒரு மாணவன் எழுந்து, "அம்மா, அன்று அவள் கையில் இருந்த வளையல்தான் சாட்சி என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்றான். வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. வளையலுக்குக் கால் ஏது, வளையல் எப்படி மீனைப் பார்க்கும் என்று எதிர்க்கட்சி மடக்கியது. நான் உரையைப் படித்துச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் ஒரு சொல்லின் பொருளைச் சுற்றியுள்ள சொற்களே தீர்மானிக்கின்றன என்பதை அவர்கள் அன்று தாங்களே கண்டுபிடித்தார்கள். 'ஆரல்' என்று தேடியபோது மீனோடு கார்த்திகை விண்மீனும் வந்தது. அதை யாரும் சொல்லாமலே ஒதுக்கிவிட்டார்கள்.

பிறகு ஒரு காணொளி. ஓடும் நீரில் ஒரு கொக்கு நிற்கிறது, நாற்பது நொடி. ஒலியை நிறுத்திவிட்டேன். நான் ஒன்றும் பேசவில்லை. கொக்கு அசையவில்லை, கண் நீரைவிட்டு நகரவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு பெண், "அது அவர்களைப் பார்க்கவே இல்லையே அம்மா" என்றாள். இருந்த ஒரே சாட்சியும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது! 'யாரும் இல்லை' என்று தொடங்கியவள் 'குருகும் உண்டு' என்று முடிக்கிறாளே, அந்த 'உம்' என்ன சொல்கிறது என்று மட்டும் பத்து நிமிடம் பேசினோம்.

தினைப் பயிரை அவர்களில் பலர் பார்த்ததில்லை. ஆகவே கொக்கின் கால் தெரியும் படத்தையும் தினைத்தாளின் படத்தையும் அருகருகே வைத்தேன். அதே மெலிவு, அதே பசுமை. அப்போது இன்னொருத்தி சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அவள் வெட்கத்தில் தலை குனிந்திருந்திருப்பாள் அம்மா. அதனால்தான் பறவையின் கால் மட்டும் இவ்வளவு நன்றாக நினைவிருக்கிறது."

நான் படித்த உரைகளில் இப்படி ஒரு விளக்கத்தைக் கண்டதில்லை. பாட்டில் அப்படி எங்கே இருக்கிறது என்று புலவர் பெருமக்கள் கேட்கலாம். இல்லைதான். ஆனால் பாட்டுக்கு முரணாகவும் எதுவும் இல்லை. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கபிலரோடு நேருக்கு நேர் பேசிய நொடி அது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அகப்பாடல் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஏமாற்றப்படுவோமோ என்ற அச்சத்தை இந்த வயதில் கற்பிக்காமல் எந்த வயதில் கற்பிப்பது?

நீங்கள் கேட்ட பட்டியலையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. மூலநூல்களுக்கு மதுரைத் திட்டம். 1998இல் தொடங்கி, உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாகக் கொடுத்துவருகிறார்கள். உரையோடு வேண்டுமென்றால் 2001இல் உருவான தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம். ஈழத்து எழுத்துகளுக்கு 'நூலகம்' என்ற பெயரிலேயே உள்ள வலைத்தளம். ஒன்று கவனியுங்கள்: ஓரிடத்தில் 'ஒழுகுநீர் ஆரல்' என்று சொல் பிரித்திருக்கும், இன்னோரிடத்தில் 'வொழுகுநீ ராரல்' என்று சீர் பிரித்திருக்கும். இரண்டாவதை மாணவர்கள் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். யாப்புக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. தட்டச்சுப் பிழைகளும் உண்டு, ஆகவே அச்சு நூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்கவில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் கணினி அறையைக் கேட்டபோதெல்லாம் வந்த பதில், "தமிழுக்கு எதற்கு?" அறிவியலுக்கு வாரம் நான்கு பாடவேளை, கணக்குக்கு மூன்று. எங்களுக்குத் தேர்வு முடிந்த பிறகு, அறை சும்மா இருந்தால். ஈராயிரம் ஆண்டு பழைய பாட்டைப் புரியவைக்கத்தான் படமும் அகராதியும் அதிகம் தேவை என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. ஆனால் ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் தமிழ் வகுப்பில் திரை எரிய வேண்டும், அதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் என்ன பாடம் நடந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. உங்கள் பள்ளி அப்படி இல்லாமல் இருக்கலாம். இருந்தால் சண்டை போடுங்கள், தயங்காதீர்கள்.

அந்த நாற்பது நொடிக் காணொளியையும் இரண்டு படங்களையும் இப்போதும் என் கைபேசியில் சேமித்து வைத்திருக்கிறேன். திரை கிடைக்காத நாளில் நான்கு நான்கு பேராக மேசைக்கு அழைத்துக் காட்டுகிறேன். வகுப்பு முழுவதும் பார்த்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகிறது. காத்திருப்பவர்கள் அதற்குள் பாட்டை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.