பள்ளி முடிந்து வருவதற்குள் வீடெல்லாம் சிறுநீர்: நாய்க்குத் தண்ணீரைக் குறைக்கலாமா?

குறைக்காதீர்கள். காலை 7.30க்குக் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு மண்டபம் ஊரில் பஸ் ஏறி மாலை 5.30க்குத் திரும்புகிறீர்கள். 13 வயது நாய் 10 மணி நேரம் இந்தக் கடலோரப் புழுக்கத்தில் நாவறண்டு கிடக்கும்.

கிழட்டுப் பிடிவாதம் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிண்ணத்தை நக்கிக் காலி செய்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வயதான நாய் நிறையக் குடித்து நிறையச் சிறுநீர் கழித்தால் முதல் சந்தேகம் சிறுநீரகம், அடுத்தது சர்க்கரை.

சனி, ஞாயிறில் அளந்து பாருங்கள். உங்கள் வீட்டிலுள்ள இரண்டு நாய்க்கும் தனித்தனி அறை, தனித்தனிக் கிண்ணம். ஊற்றியதைக் குறித்துக்கொண்டு 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கழியுங்கள். எடையில் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால், திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். விடியற்காலைச் சிறுநீரைக் கரண்டியில் பிடித்துச் சுத்தமான டப்பாவில் கொண்டுபோங்கள். (நான் குழம்புக் கரண்டியை நீட்டியபோது எங்கள் கிழட்டு நாய் திரும்பிப் பார்த்த பார்வை! அந்தக் கரண்டி அடுப்படிக்குத் திரும்பவே இல்லை.)

ஒன்று: உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பா? உப்பு நீரும் தாகத்தைக் கூட்டும். நீங்கள் குடிக்கும் குடத்துத் தண்ணீரையே ஊற்றி அளந்தால்தான் கணக்கு நிற்கும்.

அளவு சாதாரணமாக இருந்து, படுத்த இடம் மட்டும் நனைந்திருந்தால் அது தூக்கத்தில் கசிவதாக இருக்கலாம். கருத்தடை செய்த பெண் நாய்களுக்கு இது வருவதுண்டு, மருந்தும் உண்டு. வாந்தி இருந்தாலோ சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்தாலோ சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.