தெரிந்த கதை

அன்புள்ள ஐயா,

போன வாரம் ஒரு பெரிய படத்துக்கு நண்பர்களோடு முதல் காட்சி போனேன். கதை தெரிந்துவிடக் கூடாது என்று இரண்டு நாளாக வாட்ஸ்அப் பக்கமே போகவில்லை. டிரெய்லரைக்கூடப் பாதியில் நிறுத்திவிட்டேன். டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் சேர்த்து நல்ல செலவு. படம் பெரிய ஏமாற்றம். இடைவேளைக்கு முன்பே செல்போனை நோண்ட ஆரம்பித்துவிட்டேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் 'தில்லு முல்லு' போட்டார்கள். வசனமெல்லாம் மனப்பாடம், இருந்தும் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது இருப்பவர்களுக்குப் படம் எடுக்கத் தெரியவில்லையா? ஓடிடி பார்த்துப் பார்த்து நமக்குத்தான் பொறுமை போய்விட்டதா? விமர்சனங்களை நம்பிப் போகலாமா?

ஒரு வாசகர், கோயம்புத்தூர்

அன்புள்ள தம்பி,

பாப்கார்ன் விலைக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை, அதை விடுங்கள். விமர்சனத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஓடிடி மேல் பழி போடவும் எனக்கு மனமில்லை. கதை தெரிந்துவிடக் கூடாது என்று இரண்டு நாள் ஒளிந்து திரிந்தேன் என்கிறீர்களே, அந்த வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முன்கூட்டித் தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்று உங்களுக்கு யார் சொன்னது? கதை தெரிந்த படத்தில் சிரித்திருக்கிறீர்கள். தெரியாத படத்தில் செல்போனை நோண்டியிருக்கிறீர்கள். பதிலை நீங்களே எழுதிவிட்டு என்னிடம் கேள்வி கேட்கலாமா?

'தில்லு முல்லு' 1981-ல் கே. பாலசந்தர் எடுத்தது. ஹிருஷிகேஷ் முகர்ஜி இந்தியில் எடுத்த 'கோல்மால்' படத்தின் தழுவல். ரஜினிக்கு மீசை இருந்தால் சந்திரன், இல்லாவிட்டால் தம்பி இந்திரன். இரண்டும் ஒரே ஆள் என்பது முதலாளி தேங்காய் சீனிவாசனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அவர் அந்த ஒட்டுமீசையை உற்றுப் பார்க்கும்போதெல்லாம் நம் வயிற்றில்தான் புளி கரைகிறது. ரஜினியோடு சேர்ந்து நாமும் அந்த அலுவலகத்தில் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்திரன் என்று நிஜமாகவே ஒரு தம்பி இருப்பதாக நம்மையும் நம்பவைத்து, கடைசி ரீலில் உடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'அட' என்றிருப்போம். அந்த ஒரு 'அட'வுக்காக முழுப் படத்தின் சிரிப்பையும் இழந்திருப்போம்.

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். அதில் கதைச் சுருக்கம் இருக்கும். முக்கியமான கட்டம் வந்ததும் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள். என் அத்தை நிறுத்த மாட்டார். படத்தை முதலில் தான் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் முறத்தில் அரிசி புடைத்தபடியே எங்களுக்கு மொத்தத்தையும் சொல்லிவிடுவார். யார் சாகிறார்கள், யாருக்கு யாரோடு கல்யாணம், கடிதத்தை ஒளித்து வைத்தது எந்த மாமி, எல்லாம். அப்புறம் எங்களைக் கூட்டிக்கொண்டு அதே படத்துக்கு மறுபடியும் போவார். மணலில் உட்கார்ந்து, "இப்ப பாரு, இப்ப பாரு" என்று என் தொடையைக் கிள்ளுவார். நம்பியார் கையைப் பிசைய ஆரம்பித்ததுமே, கதவுக்குப் பின்னால் அவர் நிற்பது தெரியாமல் உள்ளே வரும் பெண்ணைப் பார்த்து "போகாதடி, போகாதடி" என்று நிஜமாகவே அழுவார். நேற்றும் அந்தப் பெண் உள்ளே போனாள், இன்றும் போவாள் என்று அவருக்குத் தெரியும். சினிமா பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். துச்சாதனன் துகிலில் கை வைப்பான் என்று தெரியாமலா நம் சனங்கள் விடிய விடியக் கூத்துப் பார்த்தார்கள்?

துப்பறியும் படத்துக்கு இது பொருந்தாதே என்பீர்கள். 'அந்த நாள்' பாருங்கள். 1954-ல் எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். எடுத்த படம். பாட்டே கிடையாது. படம் தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டுச் செத்துவிடுவார். சுட்டது மனைவியாக வரும் பண்டரிபாய். சொல்லிவிட்டேன் என்று கோபப்படாதீர்கள். இது தெரிந்து பார்த்தால்தான், விசாரணை நடக்கும்போதெல்லாம் அந்த அம்மாள் முகத்தில் என்னென்ன ஓடுகிறது என்று கண்ணில் படும். முதல் தடவை நீங்கள் சந்தேகத்தை ஒவ்வொருவர் மேலாக மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். அவர் நடிப்பைப் பார்க்க எங்கே நேரம்?

உங்களை ஏமாற்றிய படத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் இப்படித்தான் இருந்திருக்கும்: நாயகன் சாதுவாக வருகிறார், இடைவேளையில் வேறு ஆள் என்று தெரிகிறது, அதன்பின் நீண்ட ஃபிளாஷ்பேக். 1995-ல் 'பாட்ஷா' ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எத்தனையோ பேர் பிடித்துக்கொண்ட வழி இது. அவர்கள் ஃபிளாஷ்பேக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சுரேஷ் கிருஷ்ணா அந்தப் படத்தின் முதல் பாதியில் என்ன செய்திருக்கிறார் என்று நிதானமாகப் பார்க்கவே இல்லை.

படத்தின் பெயரே பாட்ஷா. திரையில் நிற்பவரோ மாணிக்கம் என்ற ஆட்டோக்காரர். டிக்கெட் வாங்கும்போதே ரகசியத்தில் பாதி நம் கையில் வந்துவிடுகிறது. தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டுப் போகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். அவர் உள்ளே என்ன சொல்கிறார் என்பது நமக்குக் கேட்காது. கல்லூரி நடத்துகிறவரின் முகம் மாறுவது மட்டும் தெரியும். வெளியே நிற்கும் தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. நமக்குப் புரிகிறது, அரங்கமே விசிலடிக்கிறது. அப்புறம் தெருவில் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிறார்கள். பேசாமல் வாங்கிக்கொள்கிறார். அடிக்கிறவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்பதால்தான் அந்த அடியை நம்மால் தாங்க முடியவில்லை. இவர் யாரென்று நமக்கும் தெரியாமல் இருந்திருந்தால், பாவம் ஒரு ஆட்டோக்காரர் அடி வாங்குகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்திருப்போம். ஃபிளாஷ்பேக் வருவதற்குள் நாம் அதற்காக ஏங்கிப்போயிருக்கிறோம். இப்போது வருகிற படங்கள் நம்மிடம் எதையும் தராமல் ஒரு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, திடீரென்று பெட்டியைத் திறந்து காட்டுகின்றன. உள்ளே என்ன இருந்தாலும் நமக்கென்ன? அந்த ஒரு மணி நேரத்தை எழுதவே யாரும் மெனக்கெடவில்லை. கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது என்ற தைரியத்தில் விட்டுவிடுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் மேல் கொஞ்சமாவது மரியாதை இருந்தால் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

இதற்கு நீங்களும் உடந்தை, தம்பி. கதையைச் சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று நீங்கள் பதறப் பதற, மறைப்பது ஒன்றே போதும் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, இருட்டு அரங்கில் செல்போனைத் திறந்தீர்களே, பின்வரிசையில் இருப்பவர் கண்ணில் அந்த வெளிச்சம் குத்தும் என்று நினைத்தீர்களா? படம் மோசம் என்பது அதற்குச் சாக்கு ஆகாது. எழுந்து வெளியே போயிருக்கலாம்.

அந்தப் படம் ஓடிடியில் வரும்போது இன்னொரு தடவை பாருங்கள். இப்போதுதான் உங்களுக்குக் கதை தெரியுமே. இடைவேளை வரை மட்டும் பார்த்தால் போதும், செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு. எந்தக் காட்சியிலாவது உங்களுக்குத் தெரிந்து அங்கே நிற்பவருக்குத் தெரியாதது என்று ஏதாவது இருந்ததா, அதை வைத்து ஒரு விளையாட்டாவது விளையாடியிருக்கிறார்களா என்று எனக்கு எழுதுங்கள். படத்தின் பெயரையும் சேர்த்து.