பிஎச்பி என்ற இணைய நிரல்மொழியில் படிவத்தின் ஒரு பெட்டி காலியாக வந்தால் வார்னிங் காட்டுகிறது. எல்லாவற்றுக்கும், வெற்றா என்று பார்க்கும் எம்ப்டி போட்டுவிட்டால் போதுமா?

போதாதுங்க. நானே அப்படிப் போட்டு மாட்டிக்கொண்டவன்.

ஒரு கணக்கெடுப்புப் படிவம் எழுதிக் கொடுத்திருந்தேன். "எத்தனை குழந்தைகள்?" என்ற பெட்டியில் 0 என்று அடித்தவர்களுக்கெல்லாம் "இதை நிரப்பவும்" என்றே மறுபடி மறுபடி வந்தது. எம்ப்டியின் கணக்கில் "0"-வும் வெற்றுதான். குழந்தை இல்லாதவரிடம் போய் அதையே மூன்று தடவை கேட்டிருக்கிறது என் நிரல். போன் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு சின்னத் திருத்தம். காலியாக விட்ட எழுத்துப்பெட்டி வெற்றுச் சரமாக, அதாவது எழுத்தே இல்லாத உரையாக, வந்து சேர்ந்துவிடும். அதற்கு வார்னிங் வராது. அந்தப் பெயரே வராதபோதுதான் வரும். டிக் செய்யாத செக்பாக்ஸ், டிசேபிள் செய்த பெட்டி, நேம் கொடுக்க மறந்த பெட்டி, இவற்றை பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. முன்பு இது வெறும் நோட்டீஸ். 2020-இல் வந்த பிஎச்பி 8 அதை வார்னிங் ஆக்கியது. பழைய நிரல்கள் திடீரென்று கத்துவது அதனால்தான். தயவுசெய்து அட் குறி (@) போட்டு அதன் வாயை அடைக்காதீர்கள்.

எழுத்துப்பெட்டிக்கு, பிஎச்பி 7 முதல் இருக்கும் இரட்டைக் கேள்விக்குறியால் (??), பெயர் வராதபோது வெற்றுச் சரத்தை மாற்றாகக் கொடுங்கள். பிறகு இஸ்_ஸ்ட்ரிங் கொண்டு சரம்தானா என்று பார்த்துவிட்டுத்தான், ஓர இடைவெளிகளை வெட்டும் ட்ரிம். யாராவது குறும்புக்காரர் பெயரோடு சதுர அடைப்புக்குறி சேர்த்து அனுப்பினால் சரத்துக்குப் பதில் அரே, அதாவது மதிப்புகளின் பட்டியல், வரும். பிஎச்பி 8-இல் ட்ரிம் அங்கேயே டைப் எரர் வீசிப் பக்கத்தைப் படுக்க வைத்துவிடும்.

எண்ணுக்கு, வந்த மதிப்பைச் சோதித்துத் தரும் ஃபில்டர்_இன்புட், முழு எண் வடிகட்டியோடு. வராவிட்டால் நல் (null), தப்பாக வந்தால் ஃபால்ஸ் (false), 0 வந்தால் 0. ஒப்பிடும்போது மூன்று சமக்குறி போடுங்கள், இல்லையென்றால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

செக்பாக்ஸ்தான் நயவஞ்சகன். "வராவிட்டால் பழைய மதிப்பையே வைத்துக்கொள்" என்று எழுதினால், ஒருமுறை டிக் செய்தவர் அதை எடுக்கவே முடியாது. அதே பெயரில், மதிப்பு 0 உள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஹிடன் பெட்டியைச் செக்பாக்ஸுக்கு முன்னால் வைத்துவிடுவேன். டிக் இருந்தால் பின்னால் வருவது முன்னதை மேலெழுதிவிடும்.

படிவம் அனுப்பிய போஸ்ட் தரவு மொத்தமுமே காலியாக வந்தால் நிரலைக் குடையாமல், அனுப்பும் அளவுக்கு உச்ச வரம்பு வைக்கும் போஸ்ட்_மேக்ஸ்_சைஸைப் பாருங்கள். இயல்பாக 8 எம்பிதான். போனில் எடுத்த இரண்டு படம் சேர்ந்தாலே தாண்டிவிடலாம்.