இடிந்த சத்திரத்தை இருந்தபடியே கட்டுவதா, புதிதாகக் கட்டுவதா?

கேள்வி: பெங்களூரு கலாசிபாளையத்தில் எங்கள் குடும்ப அறக்கட்டளையின் பழைய சத்திரம் மழையில் இடிந்துவிட்டது. முன்திண்ணையும் நான்கு மரத்தூண்களும் மட்டும் நிற்கின்றன. பழையபடி கட்ட வேண்டும் என்று பாதிப் பேரும், புதிய கட்டடம் வேண்டும் என்று மீதிப் பேரும் சொல்கிறார்கள். இடிபாடுகளை இலவசமாக அகற்றித் தருவதாக ஒருவர் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அந்த இலவசக்காரரை முதலில் திருப்பி அனுப்புங்கள். அவருடைய கூலி உங்கள் தேக்கு. புழுதி படிந்து கறுத்துக் கிடக்கும் உத்திரம் பார்வைக்கு விறகாகத்தான் தெரியும். ஓர் ஓரத்தை இழைப்புளியால் இழைத்துப் பாருங்கள், எண்ணெய்ப் பசையோடு பொன்னிறம் தெரிந்தால் அது விறகு விலைக்குப் போக வேண்டிய மரமன்று. நான் ஆலோசனை சொல்லப் போவதற்கு முதல் நாளே அப்படி ஏற்றிச் செல்லப்பட்ட தூண்களைப் பின்னர் ஓர் உணவகத்தின் வாசலில் மெருகோடு கண்டிருக்கிறேன்.

கேள்விக்கு வருகிறேன். எந்தப் பகுதிக்கு ஆதாரம் இருக்கிறதோ அதை மட்டும் பழையபடி கட்டுங்கள். வெனிஸ் நகரத்து மணிக்கூண்டு 1902-இல் சரிந்தபோது, இருந்த இடத்திலேயே இருந்தபடியே கட்டுவது என்று முடிவுசெய்து 1912-இல் முடித்தார்கள். அதன் உருவத்தில் யாருக்கும் ஐயமில்லை. 2010-இல் விழுந்த காளஹஸ்தி ராஜகோபுரத்தை மீண்டும் எழுப்ப முடிந்ததற்குக் காரணம், அந்த வேலை தெரிந்த ஸ்தபதிகள் இன்றும் இருப்பதுதான். உங்கள் சத்திரத்தின் முகப்புக்குத் தூண்களும் திண்ணையும் சாட்சி. பின்கட்டுக்குப் புகைப்படமோ வரைபடமோ இல்லையென்றால், அதைக் கற்பனையில் ‘பழமையாக’ வடிக்காமல், முகப்பைவிட உயராத எளிய புதுக் கட்டடமாக அமைப்பதே நேர்மை.

‘பாரம்பரியத் தோற்றம்’ என்று படம் காட்டுபவர்கள் பெரும்பாலும் கான்கிரீட் தூணுக்கு மரவண்ணம் அடித்து, ஃபைபர் வளைவு ஒட்டிப் பணம் வாங்குபவர்கள். சுண்ணாம்பு வேலை தெரியும் என்பவரையும் கண்காணியுங்கள்; அது இறுக நாளாகும் என்பதால் நீங்கள் வீடு திரும்பிய பின் சிமென்ட்டைக் கலப்பவர்கள் உண்டு. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, பூச்சு பொரிந்து உதிரும்.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் பகுதியில் கோட்டையும் திப்புவின் கோடை அரண்மனையும் மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்கள். அவற்றின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து (கட்டடச் சுவரிலிருந்து அன்று, எல்லையிலிருந்து) 100 மீட்டருக்குள் உங்கள் மனை இருந்தால், பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் மட்டுமே அனுமதி கேட்க முடியும். புதிய கட்டுமானத்திற்கு இடமில்லை, இருந்த அளவிலேயே திரும்பக் கட்டுவதும் பழுதுபார்ப்பாகாது என்கிறது சட்டம். அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றுக் கட்டலாம். ஆகவே தூரத்தை அளந்து எழுத்தில் வாங்கும்வரை, நிற்கும் பகுதியைத் தட்டிவிடாதீர்கள். தட்டிவிட்டால், பழுதுபார்க்கவும் ஒன்றும் மிஞ்சாது. விண்ணப்பம் தகுதியுள்ள அதிகாரி வழியாக டெல்லியிலுள்ள தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்குப் போகும். மாநகராட்சியை 2025-இல் ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள். உங்கள் கோப்பு எந்த மேசைக்கு உரியது என்பதைக் கண்டுபிடிக்கவே சில நடை நடக்க வேண்டியிருக்கும். ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்று அலுவலக வாசலில் நிற்பவரிடம் மூலப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.

இந்த வாரமே தூண்களுக்கு முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு மரத்துக்கும் வண்ணத்தில் எண் எழுதி, இருந்த இடத்தோடு படமெடுத்துக்கொள்ளுங்கள். விழுந்த உத்திரங்களைக் கரையான் ஏறாதபடி செங்கல் மேல் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.