மேயரே இல்லாத பனிச்சறுக்கு ஊரை யார் நடத்துகிறார்கள்?

கேள்வி: அமெரிக்காவில் நகராட்சியே இல்லாத பனிச்சறுக்கு ஊர்கள் இருக்கின்றனவாமே, அங்கே வேலைகள் எப்படி நடக்கின்றன?

ஆமாம், இருக்கின்றன. எனக்குப் பிடித்த உதாரணம் ஓரிகன் மாநிலத்தில் ஹுட் மலையின் தெற்கு அடிவாரத்தில் உள்ள கவர்ன்மென்ட் கேம்ப். மலையின் உயரம் சுமார் 3,429 மீட்டர், ஊர் ஏறக்குறைய 1,200 மீட்டரில் இருக்கிறது. சில நூறு பேர்தான் நிரந்தரமாகக் குடியிருக்கிறார்கள். குளிர்கால வார இறுதி வந்தால் போர்ட்லாண்டிலிருந்து 26ஆம் எண் நெடுஞ்சாலையில் கார்கள் வரிசைகட்டி வரும்.

இங்கே மேயரும் கிடையாது, நகர மன்றமும் கிடையாது. கிளாக்கமஸ் கவுன்டிதான் (நம்மூர் மாவட்டம் போன்றது) மேலே இருக்கும் நிர்வாகம். கட்டட அனுமதி அங்கே வாங்க வேண்டும், காவல் வேலையை கவுன்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் பார்க்கிறார். நெடுஞ்சாலையில் விழும் பனியைத் தள்ளுவது மாநிலத்தின் போக்குவரத்துத் துறை. சரி, தீயணைப்பும் கழிவுநீரும்? அதற்குத் தனித்தனி சேவை வாரியங்கள் உண்டு. அந்தப் பகுதி மக்களே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சுற்றியுள்ள காடும் சரிவுகளும் பெரும்பாலும் மத்திய அரசின் வனத்துறைக்குச் சொந்தம். மேலே இருக்கும் டிம்பர்லைன் விடுதியை, பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசே கட்டியது. 1937இல் அதிபர் ரூஸ்வெல்ட் நேரில் வந்து அர்ப்பணித்தார். கல்லும் மரமும் இரும்பும் கைவேலையாகவே இழைக்கப்பட்ட அழகான கட்டடம் அது.

இதில் ஒரு குறையும் இருக்கிறது. கூட்ட நெரிசல், வாகன நிறுத்தம், வீட்டு வாடகை என்று எது வந்தாலும், முடிவெடுப்பவர்கள் மலைக்குக் கீழே கவுன்டியின் தலைமையிடமான ஓரிகன் சிட்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கவுன்டியின் மொத்த வாக்குகளில் இந்த ஊரின் பங்கு மிகச் சிறியது.