ஐலெட் கிழிந்ததற்குத் துணி காரணமில்லை

“கதவுக்குப் பின்னால் தொங்கவிட, பழைய காட்டன் பெட்ஷீட்டில் 12 பைகள் வைத்து ஆர்கனைசர் தைத்தேன். ஒரே மாதத்தில் மேலே ஐலெட் (ஓட்டையைச் சுற்றி அடிக்கும் உலோக வளையம்) அடித்த இரண்டு இடமும் கிழிந்துவிட்டன, நடுப்பகுதி தொய்ந்துவிட்டது. கெட்டியான கேன்வாஸ் வாங்கித் தைத்தால் சரியாகுமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கேன்வாஸ் வாங்க ஓடாதீர்கள். மொத்த எடையும் இரண்டே ஓட்டைகளில் தொங்கினால் எந்தத் துணியும் கிழியத்தான் செய்யும். பாவாடைக்கு நாடாப்பட்டி வைப்போமே, அதேபோல மேல் விளிம்பை 2 அங்குலம் மடித்துத் தையுங்கள். அதற்குள் அரை அங்குல பிவிசி பைப்பையோ மரக்குச்சியையோ நுழைத்து, குச்சியின் இரு முனையிலும் கயிறு கட்டி மாட்டுங்கள். இப்போது எடை முழு அகலத்துக்கும் பரவிவிடும். கீழ் விளிம்பிலும் ஒரு குச்சி கொடுத்தால் சுருண்டு கொள்ளாது.

தொய்வுக்கு வேறு காரணம். பெட்ஷீட்டின் நடுப்பகுதி படுத்துப் படுத்துத் தேய்ந்திருக்கும், அதை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து வெட்டுங்கள். பாவு நூல், அதாவது கரையோடு சேர்ந்து ஓடும் நூல், மேலிருந்து கீழாக வரவேண்டும். பின்துணியை இரட்டையாக வையுங்கள், போதும்.

ஐலெட்டே கூடாதா? வாடகை வீட்டில் ஏற்கனவே அடித்த ஆணிகளில்தான் மாட்ட வேண்டும், குச்சிக்கு வழியில்லை என்றால் மட்டும் வைக்கலாம். அப்போதும் பள்ளிக்கூடப் பைக்குப் போடும் பட்டை நாடாவை 6 அங்குலம் வெட்டி, மேல் விளிம்பின்மேல் முன்னும் பின்னுமாக மடித்துப் போட்டு, சுற்றிலும் சதுரமாக ஒரு தையல், உள்ளே குறுக்குமறுக்காக ஒரு தையல் போட்டபிறகு, அந்த நாடாவின் மேல்தான் ஓட்டை போட வேண்டும். இரண்டு போதாது, நான்கு வேண்டும். வெறும் துணியில், அதை நான்காக மடித்தாலும், ஐலெட் அடிக்காதீர்கள்.

நான் உண்மையில் சொல்ல நினைத்தது கேன்வாஸ் பற்றித்தான். கடையில் விறைப்பாக நிற்கும் துணியில் பாதி விறைப்பு கஞ்சி. என் மாணவி ஒருத்தி “நல்ல கெட்டி” என்று 2 மீட்டர் வாங்கி வந்தாள். நனைத்தால் வாளித் தண்ணீர் வடிகஞ்சி மாதிரி ஆகிவிட்டது, துணி துவண்டு போய் வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் இருக்கும் என் விரல்கள் தெரிந்தன. பிஸ்கட் பாக்கெட்டில் கூட எடை போடுகிறார்கள், மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் துணிக்கு எடை என்னவென்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார். தையல் வகுப்புகளிலும் மாதக்கணக்கில் ஜாக்கெட்டும் சுடிதாரும்தான், எடை தாங்கும் தையலை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் “வாங்க, மொத்த விலையில் வாங்கித் தருகிறேன்” என்று சந்தையில் கூடவே வருகிற ஆட்களை நம்பிப் போகிறோம். அவர்களுடைய கமிஷனும் உங்கள் மீட்டர் விலையில்தான் ஏறும், தனியாகப் போய் வாங்குங்கள். துணியின் ஓரத்தை இரண்டு கைகளாலும் கசக்கித் தேயுங்கள், வெள்ளையாகத் தூள் உதிர்ந்தால் வேண்டாம். ஈர விரலால் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுத்தாலும் வேண்டாம். வீட்டில் பழைய ஜீன்ஸ் கிடந்தால் கடைக்கே போக வேண்டாம், 16ஆம் நம்பர் ஊசி போட்டு, பாலியஸ்டர் நூலில் தையுங்கள்.

அப்புறம் பைகள். 5 அங்குலப் பைக்கு 5 அங்குலமே வெட்டினால் சீப்பைத் தவிர எதுவும் நுழையாது. ஒவ்வொரு பைக்கும் 7 அங்குலம் விட்டு, அடியில் இரண்டு ஓரத்திலும் அரை அங்குல மடிப்பு எடுத்தால் பை வயிறு தள்ளி நிற்கும். பைகளைப் பிரிக்கும் தையலின் மேல்முனையில், கை நுழைந்து நுழைந்து பிரியும் இடம் அது, மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் ஓட்டிவிடுங்கள்.